முழங்கால் நோவும் யாரும் கூட்டிப் பார்க்காத 15 மணித்தியாலமும்

பாடசாலை உடற்றகைமைப் பயிற்சியில் ஒரு நிகழ்வு ஆய்வு

இது வன்னியில் ஒரு பாடசாலையில் நடந்தது. பிள்ளையின் பெயரோ பாடசாலை, கழகத்தின் பெயர்களோ இங்கே வராது, வீட்டாரிடமும் பிள்ளையிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன். நான் அந்தப் பாடசாலை ஆசிரியர் இல்லை, வெளியிலிருந்து போய் உடற்றகைமைப் பயிற்சி கொடுப்பவன். இதே மாதிரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பொடியன்கள் அநேகமாக எல்லாப் பாடசாலையிலும் இருப்பதால், என்ன பார்த்தோம், எதை ஏன் முடிவெடுத்தோம், எது சரிவந்தது, எது வரவில்லை என்று ஒழுங்காக எழுதி வைப்பது பயன்படும் என்று நினைத்தேன்.

பின்னணி

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதியை விட்டு கிரவல் வீதியில் உள்ளே இறங்கினால் வரும் பாடசாலை. உதைபந்தாட்டத்திலும் மெய்வல்லுநர் போட்டிகளிலும் வலயத்தில் பேர் உள்ளது, ஆனால் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்தான். ஓட்டம், பாய்தல், எறிதல், கபடி, எல்லே எல்லாம் அவர் தலையில். உதைபந்தாட்டத்தை ஒரு பழைய மாணவர் பின்னேரங்களில் வந்து பழக்குகிறார், சம்பளம் எதுவும் இல்லை. ஜிம் கிடையாது. மழை முடிந்து மாசி வந்தால் மைதானம் இறுகிவிடும், பூட்ஸின் ஆணி நிலத்துக்குள் இறங்காது, அதனால் பாதிப் பேர் வெறுங்காலோடுதான் விளையாடுவார்கள்.

மாணவனுக்கு அப்போது வயது 14, தரம் 9. வலது காலால் உதைப்பவன், நீளம் பாய்தலில் இடது காலால் மிதித்து எழும்புபவன். இதை ஏன் சொல்கிறேன் என்றால் இரண்டிலும் முழுப் பாரமும் விழுவது இடது காலில், நோ வந்ததும் இடது முழங்காலில்தான். 16 வயதுக்குட்பட்ட உதைபந்தாட்ட அணியில் அவன் இருந்தான், 800 மீற்றர், 1500 மீற்றர், நீளம் பாய்தல் மூன்றுக்கும் பேர் கொடுத்திருந்தார்கள். ஊர்க் கழகத்திலும் வளர்ந்த ஆட்களோடு விங்கில் ஆடினான். நல்ல வேகம் இருக்கிற பிள்ளை என்றால் எங்கள் பக்கம் எல்லோரும் கேட்பார்கள், பிள்ளையும் ஒருவருக்கும் இல்லை என்று சொல்லாது.

வீட்டு நிலைமையையும் சொல்ல வேண்டும். தகப்பனுக்கு 2009இல் காலில் பட்ட காயம், பாரம் தூக்க ஏலாது. இரணைமடுத் தண்ணீர் பாயும் பக்கத்தில் குத்தகைக் காணியில் நெல் விதைக்கிறார்கள். காலபோக அறுவடை தை, மாசியில் வரும்போது வெட்டுவது மெசின்தான் என்றாலும், நெல்லை வீதியில் காயப்போட்டு, கூட்டி அள்ளி, மூட்டை கட்டி, லான்ட்மாஸ்டரில் ஏற்றும் வேலையில் மூத்த பொடியன்தான் தகப்பனுக்குக் கை. இல்ல மெய்வல்லுநர் போட்டி நடப்பதும் அதே மாதங்களில்.

முதலில் தெரிந்தது

நோவை முதலில் கண்டது பயிற்றுநர் யாருமில்லை, தாய். ஞாயிறு பூசையில் பிள்ளை முழந்தாளில் இருக்காமல் வாங்கில் குந்தியபடியே இருப்பதைக் கண்டு, முதல் கிழமை பஞ்சி என்று நினைத்து ஏசியிருக்கிறார். அடுத்த கிழமையும் அப்படியே இருக்க, வீட்டுக்கு வந்து காலைப் பார்த்தால் முழங்காற் சில்லுக்குக் கீழே ஒரு புடைப்பு.

பிள்ளை அதைக் கிட்டத்தட்ட ஒரு மாதமாக மறைத்திருந்தான். காரணம் எளிது, சொன்னால் அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்ற பயம். வீட்டார் முதலில் கூட்டிப்போனது முறிவு நெரிவு வைத்தியம் பார்க்கும் ஒருவரிடம், அவர் எண்ணெய் பூசி அழுத்தி உருவிக் கட்டிவிட்டார். அந்த வைத்தியத்தில் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, சுளுக்குக்கும் மூட்டு விலகலுக்கும் ஊரில் எத்தனையோ பேருக்குக் கை கொடுத்தவர்கள் அவர்கள். ஆனால் இந்தப் புடைப்பில் உருவினால் நோ கூடத்தான் செய்யும், கூடியது.

நான் பார்த்தபோது சூடேற்றும் பயிற்சியிலேயே தெரிந்தது. இரண்டு காலால் குதித்து இறங்கச் சொன்னால் பாரத்தை வலதுபக்கம் சாய்த்து இறங்குகிறான், இடது காலில் மட்டும் நின்று மெல்லக் குந்தச் சொன்னால் பாதியில் நிறுத்துகிறான். சில்லுக்குக் கீழே முன்னெலும்பில் அந்த மேட்டை விரலால் அழுத்தினால் முகம் சுளிக்கிறான், ஆனால் மூட்டுக்குள் வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை, இரவில் நோவால் எழும்புவது இல்லை. பாடசாலையில் உயரம் அளந்து எழுதிய பழைய பதிவு இருந்தது. அதில் 152 சென்ரிமீற்றர், இப்போது 160. பத்து மாதத்துக்குள் 8 சென்ரிமீற்றர். காற்சட்டை கட்டையாகிவிட்டது என்று தாய் சொன்னதும் இதைத்தான்.

வைத்தியசாலையில்

எனக்கு என்ன சந்தேகம் இருந்தாலும் வைத்தியர் பார்க்காமல் எதுவும் தொடங்கக்கூடாது என்பதில் நான் கண்டிப்பு. பதின்ம வயதில் முழங்கால் நோ என்று வரும் பிள்ளைக்கு உண்மையில் இடுப்பு மூட்டில் கோளாறு இருக்கலாம், தொடையெலும்பின் தலைப்பகுதி வளர்ச்சித் தட்டில் சறுக்கினால் நோ முழங்காலில்தான் தெரியும், அதை விட்டுவிட்டால் காலத்துக்கும் நொண்ட வேண்டி வரும். இரவு நோ, காய்ச்சல், மூட்டு வீக்கம், திடீரென ஒரு பாய்ச்சலில் சத்தத்தோடு வந்த நோ, இவற்றில் எது இருந்தாலும் பயிற்றுநருக்கு அங்கே வேலை இல்லை, நேரே வைத்தியசாலைதான்.

வைத்தியர் இடுப்பை உள்பக்கம் திருப்பிப் பார்த்தார், எக்ஸ்ரேயும் எடுத்தார், பிறகு ஒஸ்குட்-ஷ்லாட்டர் என்று சொன்னார். அமெரிக்க வைத்தியர் ரொபேர்ட் ஒஸ்குட்டும் சுவிஸ் வைத்தியர் கார்ல் ஷ்லாட்டரும் 1903இல் தனித்தனியாக விவரித்ததால் வந்த பேர். நடப்பது இதுதான்: தொடையின் முன்பக்கத் தசை, முழங்காற் சில்லைத் தாண்டி ஒரு தசைநாணாக இறங்கி முன்னெலும்பின் மேற்பகுதியில் ஒரு மேட்டில் ஒட்டுகிறது. பிள்ளை வளர்ந்துகொண்டிருக்கும் காலத்தில் அந்த மேடு முழுதாக எலும்பாகியிருக்காது, குருத்தெலும்பாகத்தான் இருக்கும். ஓடும்போதும் பாயும்போதும் உதைக்கும்போதும் தசை அதை மீண்டும் மீண்டும் இழுக்க, அந்த இடம் நொந்து புடைக்கிறது. வளர்ச்சி முடிந்து அது எலும்பாக இறுகியதும் பெரும்பாலும் தானாக அடங்கிவிடும், புடைப்பு மட்டும் சிலருக்கு மிஞ்சும்.

பயப்பட ஒன்றுமில்லை, விளையாட்டைக் குறையுங்கள், நொந்தால் ஐஸ் வையுங்கள் என்று சொல்லி அனுப்பினார். சரியான ஆலோசனைதான். ஆனால் ஊருக்கு வந்தபிறகு ஒவ்வொருவரும் மற்றவருடைய பங்கு குறையும் என்று எடுத்துக்கொண்டார்கள். உடற்கல்வி ஆசிரியர் உதைபந்தாட்டம் நிற்கும் என்று நினைத்தார். உதைபந்தாட்டப் பயிற்றுநர் நீளம் பாய்தல் நிற்கும் என்று நினைத்தார். கழகத்துக்கோ இது பாடசாலை விசயம். தாய் மட்டும் எல்லாமே நிற்க வேண்டும் என்றார். பிள்ளை எதையும் நிறுத்தவில்லை.

ஒரு கிழமையைக் கூட்டிப் பார்த்தது

பிள்ளையோடு இருந்து, நோ வருவதற்கு முந்திய ஒரு சாதாரணக் கிழமையை ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதினேன். பாடசாலை உதைபந்தாட்டம் மூன்று பின்னேரம், ஒவ்வொன்றும் ஒன்றரை மணித்தியாலம். பாடசாலை தொடங்கமுதல் ஓட்டமும் பாய்தலும் இரண்டு காலை, ஒவ்வொரு மணித்தியாலம். உடற்கல்விப் பாடம் ஒரு மணித்தியாலம். சந்தியில் கரப்பந்து இரண்டு பின்னேரம், ஒவ்வொரு மணித்தியாலம், விளையாட்டுக்கு என்று அவன் இதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை, கேட்டுக் கேட்டுத்தான் வந்தது. கழகத்தில் சனி இரண்டரை, ஞாயிறு மூன்று. மொத்தம் 15 மணித்தியாலம், சுற்றுப்போட்டி வந்தால் 17 ஆகும். ஒரு போக்குக்கு 7 கிலோமீற்றர் சைக்கிள் மிதிப்பதும் நெல்மூட்டை வேலையும் இதற்குள் இல்லை.

சிறுவர் விளையாட்டு மருத்துவத்தில் பலர் சொல்லும் ஒரு எளிய வரம்பு உண்டு, கிழமைக்கு ஒழுங்குபடுத்திய விளையாட்டு நேரம் பிள்ளையின் வயதின் எண்ணிக்கையைத் தாண்டக்கூடாது என்று. இது பொன்விதி இல்லை, ஆனால் 14 வயதுக்கு 15, 17 என்று நிற்கும்போது மணி அடிக்கத்தான் வேண்டும்.

எனக்கு உறைத்தது அந்த மொத்தத்தை விட இன்னொரு விடயம். பிள்ளையைப் பழக்கும் மூன்று பேரில் எவருக்கும் ஐந்தரை மணித்தியாலத்துக்கு மேல் தெரியாது. ஒவ்வொருவர் பார்வையிலும் அவன் அளவாகத்தான் விளையாடுகிறான்!

பிறகு ஒவ்வொன்றும் எவ்வளவு கடினம் என்று 0 முதல் 10 வரை சொல்லச் சொல்லி, அதை நிமிடத்தால் பெருக்கினோம், வரும் எண்தான் பயிற்சிப் பாரம். இது கார்ல் ஃபொஸ்டர் என்ற அமெரிக்க உடலியலாளர் பரவலாக்கிய முறை, ஒரு கொப்பியும் பேனையும் போதும். பாடசாலை உதைபந்தாட்டத்துக்கு 6 சொன்னான், 270 நிமிடத்துக்கு 1620. காலை ஓட்டம் 7, 120 நிமிடத்துக்கு 840. கழகத்துக்கு 8, 330 நிமிடத்துக்கு 2640. கரப்பந்துக்கு 480, உடற்கல்விப் பாடத்துக்கு 180. எல்லாம் சேர்த்து 5760. நினைவிலிருந்து சொன்ன எண்கள்தான், துல்லியம் பார்க்கக் கூடாது. ஆனாலும் நேரத்தில் மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேலாக இருந்த கழகம், பாரத்தில் கிட்டத்தட்ட பாதி என்பது அப்பட்டமாகத் தெரிந்தது. வளர்ந்த ஆட்களோடு, இறுகிய தரையில், மாற்று ஆள் இல்லாமல் முழு நேரம் ஆடினால் அப்படித்தான் வரும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மூன்று மாதம் முழு ஓய்வு என்பதைத்தான் வீட்டில் எதிர்பார்த்தார்கள். நான் அதற்கு உடன்படவில்லை. ஒரு மாதம் நோவை மறைத்த பிள்ளை மூன்று மாதம் சும்மா இருக்கமாட்டான், சந்தியில் ஒளித்து விளையாடுவான். அதோடு தொடைத் தசை மெலிந்துவிட்டால் திரும்பி வரும் முதல் கிழமையிலேயே அதே இடம் மறுபடி நோகும். டென்மார்க்கில் இந்த நோ உள்ள 51 சிறாரை வைத்துச் செய்து 2020இல் வெளியான ஒரு ஆய்வில், அசைவைக் குறைத்துப் பிறகு படிப்படியாகத் தசையைப் பலப்படுத்திய 12 கிழமை முடிவில் ஐந்தில் நான்கு பேர் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள், ஆனால் பழையபடி விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் ஆறில் ஒருவர் அளவுதான். இந்த இரண்டாவது எண்ணைத் தாய் தகப்பனுக்கும் உடற்கல்வி ஆசிரியருக்கும் முதல் நாளே சொன்னேன். வலயப் போட்டிக்குள் எல்லாம் சரியாகிவிடும் என்று வாக்குக் கொடுத்து நடக்கிற காரியம் இல்லை இது.

அதனால் எடுத்த முடிவு: பாய்தலும் முழுவேக ஓட்டமும் நிற்கும். கழக ஆட்டம் ஆறு கிழமைக்கு நிற்கும். காலைப் பயிற்சி நிற்கும், அந்த நேரம் நித்திரைக்கு. பாடசாலை உதைபந்தாட்டப் பயிற்சிக்கு வருவான், ஆனால் பந்தை நிறுத்தி எடுப்பது, கிட்டத்தில் கொடுப்பது, கோல் காப்பாளருக்கு எறிந்து கொடுப்பது மட்டும். அணியோடு நிற்க வேண்டும், வீட்டில் ஒதுக்கி வைக்கக்கூடாது என்பதில் உதைபந்தாட்டப் பயிற்றுநரும் நானும் ஒரே எண்ணம். சைக்கிள் ஓடலாம், சீற்றை உயர்த்திவிட்டோம், முழங்கால் அதிகம் மடங்காமல் இருக்க.

கழகத்தோடு பேசுவதுதான் கடினமாக இருந்தது. தலைவர் பிள்ளைக்குச் சித்தப்பா முறை, நல்ல மனிதர், ஆனால் சித்திரையில் சுற்றுப்போட்டி. "தம்பி, பொடியன் இல்லாட்டி எங்களுக்கு அந்தப் பக்கம் ஆளே இல்லை" என்றார். நான் வாதாடவில்லை. கொப்பியைத் திறந்து 2640ஐயும் 5760ஐயும் காட்டினேன், இப்போது ஆறு கிழமை விட்டால் அடுத்த வருசம் உங்களுக்கு முழு ஆள் கிடைப்பான், விடாவிட்டால் இருவருக்கும் இல்லை என்று சொன்னேன். கணக்கு என்றதும் அவர் கொஞ்சம் அமைதியாகப் பார்த்தார், கடையில் கடன் கொப்பி எழுதுபவர். "ஓம், எழுதிப் பார்த்தால் கனக்கத்தான்" என்றார். சுற்றுப்போட்டிக்கு அவனை லைன்ஸ்மனாக நிறுத்தினார்கள்.

பாரம் தூக்கினால் கட்டையாகிவிடுவான் என்ற பயம்

இதற்குத் தனித் தலைப்புக் கொடுப்பதற்குக் காரணம், எந்த ஊருக்குப் போனாலும் இதே கேள்விதான். மணல் மூட்டை வைத்துப் பயிற்சி கொடுக்கப் போகிறேன் என்றதும் தாய் திகைத்துவிட்டார். "சேர், பாரம் தூக்கினா பிள்ளை வளராமக் கட்டையாப் போயிடும் எண்டு சொல்லுவினமே?" பக்கத்தில் தகப்பன் ஒன்றும் பேசவில்லை. மாசி மாதம் முழுக்க அந்தப் பிள்ளைதான் 60 கிலோவுக்கு மேல் பிடிக்கும் நெல்மூட்டைக்கு ஒரு பக்கம் பிடித்துப் பெட்டியில் ஏற்றினான் என்பது அவருக்கும் எனக்கும் தெரியும்.

நான் விளக்கியது இப்படி. அக்கா, ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடம்பு எடையின் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் விழுகிறது. மிதித்துப் பாய்ந்தால் அதைவிடவும் கூட. 46 கிலோ பிள்ளை ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தடவை அதைத் தாங்குகிறான். மெல்லமாக, நேரான முதுகோடு, ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க 8 கிலோ மணலைத் தூக்கி இறக்குவது அதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. 2014இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட உடன்பாட்டு அறிக்கையும், தகுந்த மேற்பார்வையில் செய்யும் வலிமைப் பயிற்சி சிறுவரின் வளர்ச்சியைக் கெடுக்காது என்றே சொல்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டலில் 5 முதல் 17 வயதுக்கு, கிழமைக்கு மூன்று நாளாவது தசையையும் எலும்பையும் பலப்படுத்தும் அசைவு வேண்டும் என்று இருக்கிறது. ஆபத்து இருப்பது பாரத்தில் இல்லை. களைத்த நேரத்தில், பழக்கம் இல்லாமல், முதுகை வளைத்துக்கொண்டு அவசரத்தில் தூக்குவதில். அதாவது மூட்டை ஏற்றும்போது.

அதையும் அப்படியே விட முடியாது, அந்த வீட்டில் வேறு ஆள் இல்லை. ஆகவே மூட்டையை முக்கால்வாசி மட்டும் நிரப்புவது, இடுப்பால் குனிந்து முதுகை நேராக வைத்துத் தூக்குவது என்று இரண்டையும் தகப்பனுக்கும் பிள்ளைக்கும் சேர்த்தே காட்டிக் கொடுத்தேன். தகப்பன் தன் நல்ல காலில் நின்று செய்து பார்த்தார்.

பயிற்சி

உபகரணம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. உரப்பை இரண்டு, ஒன்றுக்குள் ஒன்று போட்டு மணல் நிரப்பிக் கட்டியது. வகுப்பறை வாங்கு. விறாந்தைப் படி. ஒரு சுவர்.

முதல் நான்கு கிழமை பெரும்பாலும் அசையாமல் பிடிக்கும் பயிற்சிகள். சுவரில் முதுகைச் சாய்த்து நோ வராத உயரத்தில் குந்தி 30 விநாடி, பிறகு 45. மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்திப் பிடித்தல், குதிகாலை உயர்த்தி இறக்குதல், பிளாங்க். கிழமைக்கு மூன்று நாள், ஒரு தடவைக்கு 25 நிமிடம் போதும். முன் தொடையைக் காலை மடித்துப் பலமாக இழுத்து நீட்டும் பயிற்சியை நிறுத்தினேன், எல்லா அணியும் அதைத்தான் முதலில் செய்கிறது, ஆனால் நொந்த இடத்தையே அது பிடித்து இழுக்கிறது.

ஐந்தாம் கிழமையிலிருந்து மணல் மூட்டை. நெஞ்சோடு அணைத்தபடி வாங்கில் இருந்து எழும்புதல், இடுப்பால் குனிந்து நிமிர்தல், பின்னால் கால் வைத்துக் குந்துதல். 8 கிலோவில் தொடங்கி 12, பிறகு 20. எட்டு முதல் பன்னிரண்டு தடவை, மூன்று சுற்று. அழகாகச் செய்தால் மட்டும் மணல் கூடும். எட்டாம் கிழமைக்குப் பிறகுதான் படியில் இருந்து இறங்கிச் சத்தமில்லாமல் நிலத்தில் நிற்பது, ஒற்றைக் காலில் சிறு துள்ளல், படிப்படியாக வேக ஓட்டம், கடைசியாகப் பலமான உதை.

எல்லாவற்றுக்கும் ஒரே விதி. செய்யும்போது நோ 10க்கு 3 வரை இருக்கலாம், அடுத்தநாள் காலை விறாந்தைப் படியில் இடது காலில் ஒரு தடவை குந்தி எழும்பும்போது அது முந்திய நாள் அளவைவிடக் கூடியிருக்கக் கூடாது. கூடினால் அன்றைய பயிற்சி முதற்படிக்கு இறங்கும். இதைப் பிள்ளையே பார்த்து எழுத வேண்டும். யாரும் கேட்கமுதல் தன் காலைத் தானே கேட்டுப் பழகுவது, நோவை மறைக்கும் பழக்கத்துக்கு மாற்றாக எனக்குத் தெரிந்த ஒரே வழி.

சாப்பாட்டில் பெரிய மாற்றம் எதுவும் செய்யவில்லை, காலைப் பயிற்சி நின்றதால் வெறும் பிளேன்ரீயோடு ஓடும் வழக்கமும் நின்றது. இடைவேளைக்குச் சிற்றுண்டிச்சாலை றோல்ஸுக்குப் பதிலாக அவித்த கௌபியும் முட்டையும் தாய் கட்டிக் கொடுத்தார். நித்திரைதான் பிரச்சினை. 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணித்தியாலம் வேண்டும், இவன் படுப்பது பதினொன்றுக்கு, எழும்புவது ஐந்துக்கு. காலைப் பயிற்சியை விட்டதில் ஒரு மணித்தியாலம் கிடைத்தது. ரியூசன் நேரத்தில் யாராலும் கை வைக்க முடியவில்லை.

என்ன நடந்தது

முதல் இரண்டு கிழமை ஒரு மாற்றமும் இல்லை. மூன்றாம் கிழமையில் காலை நோ திடீரென 5க்கு ஏறியது, கொப்பியில் அதற்குக் காரணம் எதுவும் இல்லை. சந்தியில் கரப்பந்து ஆடியிருக்கிறான் என்று பிறகு தெரிந்தது. தண்டிக்கவில்லை, அன்றைய ஆட்டத்தையும் எழுதச் சொன்னேன், 60 நிமிடம், கடினம் 5, ஆக 300. எழுதியதும் அவனே அடுத்தநாள் காலை நோவின் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அதற்குப் பிறகு கொப்பி உண்மையாக இருந்தது என்றுதான் நம்புகிறேன்.

ஆறாம் கிழமையில் காலை நோ 1 அல்லது 2. கிழமைப் பாரம் 2000க்குக் கிட்டவாக வைத்திருந்தோம், அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றினோம்.

வலய மெய்வல்லுநர் போட்டி பத்தாம் கிழமையில் விழுந்தது. நீளம் பாய்தலும் 1500 மீற்றரும் இல்லை என்பது முன்னரே பேசியது. ஆனால் அஞ்சல் ஓட்டத்தில் ஒரு ஆள் குறைய, உடற்கல்வி ஆசிரியர் இவனைக் கேட்டார். அவரைக் குறை சொல்ல வரவில்லை. மாகாணத்துக்குப் போகும் சான்றிதழ் நான்கு பிள்ளைகளுக்குக் கிடைக்கும் விசயம், பாடசாலைக்கும் புள்ளி. அன்று காலைப் படியில் பார்த்ததில் நோ 1, வேக ஓட்டம் முந்திய கிழமையே தொடங்கியிருந்தான். மூவரும் பேசி, தொடக்க ஓட்டமும் வளைவும் இல்லாத இரண்டாவது ஆளாக ஓட விட்டோம். அணி நான்காவதாக வந்தது, சான்றிதழும் இல்லை, மாகாணமும் இல்லை. அடுத்தநாள் நோ 3, இரண்டு நாளில் அடங்கியது. இதை வெற்றி என்றோ தோல்வி என்றோ எழுத எனக்கு மனம் வரவில்லை.

உதைபந்தாட்டத்தில் பாதி நேரம், பிறகு 60 நிமிடம் என்று ஏறி, இரண்டாம் தவணை முடிவில் முழுப் பயிற்சிக்கு வந்தான். ஆவணியில் கழகம் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் ஆட விட்டது, நோ 4க்குப் போனது. இந்தத் தடவை யாரும் சொல்லாமலே பிள்ளை ஒரு கிழமை குறைத்து, சுவர்ப் பயிற்சிக்குத் திரும்பி, பத்து நாளுக்குள் சரிப்படுத்திக்கொண்டான்.

ஒரு வருடம் கழித்து உயரம் 167. புடைப்பு இருக்கிறது, வெறும் நிலத்தில் முழந்தாளில் இருந்தால் கொஞ்சம் நோகும் என்கிறான், மற்றபடி விளையாட்டில் தடை இல்லை. 20 கிலோ மூட்டை அவனுக்கு இப்போது சூடேற்றத்துக்கு.

இனி மாற்ற வேண்டியவை

ஒவ்வொரு தவணைத் தொடக்கத்திலும் அணிப் பிள்ளைகள் எல்லோரின் உயரத்தையும் அளக்க வேண்டும். சுவரில் ஒரு அளவுநாடா ஒட்டினால் அரை மணித்தியால வேலை. நான்கு மாதத்தில் 3 சென்ரிமீற்றருக்கு மேல் வளர்ந்த பிள்ளைக்கு அந்தத் தவணை பாய்தலைக் குறைத்து, முழங்காலையும் குதிகாலையும் கேட்டுப் பார்க்கிறோம். 3 என்ற எல்லை என் அனுபவத்தில் வைத்தது, வேறு ஒருவர் வேறு எண் வைக்கலாம்.

கொப்பி முறையை முழு அணிக்கும் கொண்டுவந்தோம், ஒரு தவணைதான் ஓடியது. உடற்கல்வி ஆசிரியருக்கு முப்பது கொப்பி பார்க்க நேரம் இல்லை, பிள்ளைகளும் எண்களை ஒரே மாதிரி நிரப்பத் தொடங்கிவிட்டார்கள். இப்போது உயரம் வேகமாகக் கூடும் பிள்ளைகளும் ஏற்கெனவே நோ உள்ளவர்களும் மட்டும் எழுதுகிறார்கள், எட்டுப் பேர். அது ஓடுகிறது.

மணல் மூட்டைப் பயிற்சியை தரம் 8இலேயே, நோ வரமுதல், எல்லோருக்கும் தொடங்கியிருக்கிறோம். பெண்பிள்ளைகளுக்கு வளர்ச்சி வேகம் பொதுவாக ஆண்பிள்ளைகளைவிட இரண்டு வருடம் முந்தி வரும், அதனால் அவர்களுக்குத் தரம் 6இல் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். அதற்கு ஒரு ஆசிரியை கூட நிற்க வேண்டும், இன்னும் ஆள் கிடைக்கவில்லை.

கழகங்கள்தான் மிச்சம். பாடசாலைப் பிள்ளைகள் ஆடும் மூன்று கழகங்களிடமும் வருடத் தொடக்கத்திலேயே சுற்றுப்போட்டித் திகதிகளைக் கேட்டோம், வலயப் போட்டிக்கு முந்திய இரண்டு கிழமையில் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை எடுக்க வேண்டாம் என்றும் கேட்டோம். இரண்டு கழகம் திகதி தந்தது. அவற்றில் ஒன்றான சித்தப்பாவின் கழகம் திகதியும் தந்து, ஒரே நாளில் ஒரு பிள்ளைக்கு ஒரு ஆட்டம்தான் என்று கூட்டத்தில் எழுதியும் வைத்திருக்கிறது. மூன்றாவது கழகம் இன்னும் பதில் தரவில்லை. அங்கே ஆடும் எங்கள் பிள்ளைகள் நான்கு பேர், அவர்களில் இருவர் இந்தத் தவணை 4 சென்ரிமீற்றர் வளர்ந்திருக்கிறார்கள்.